அருமைநாதனின் லீவு

மூன்றாவது நாளும் அந்த ரப்பர் உடுப்புக்குள் என் வலது கால் போக மறுத்தது.

"இழு, நல்லா இழு" என்றான் அருமைநாதன். அவன் ஏற்கெனவே உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை கறுப்பு ரப்பருக்குள் புகுந்து, முகம் மட்டும் வெளியே தெரிய, கரையேறிய கடல்நாய் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

நான் ஒஸ்லோவிலிருந்து பத்து நாள் விடுமுறையில் மொன்றியலுக்கு வந்தவன். இருபத்தேழு வருடங்களுக்குப் பிறகு பள்ளிக்கூடக் கூட்டாளியைப் பார்க்க வந்தவன். நயாகரா, கொத்துரொட்டி, விடியவிடியப் பழங்கதை என்று என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டு விமானம் ஏறியிருந்தேன்.

அருமைநாதன் துறைமுகக் கிடங்கு வேலைக்கு இரண்டு கிழமை லீவு போட்டிருந்தான். எனக்காக என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

லீவு இதற்காகத்தான்.

தினமும் காலையில் மொன்றியலின் லாசால் பகுதியிலிருந்த அவன் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் கார் ஓடி வருவோம். தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் ஒரு பழைய கல்குவாரி. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வழிகாட்டி கூட்டிப்போக, அடியில் இறங்க வேண்டும். மேலே தண்ணீர் பன்னிரண்டு பாகை. கீழே ஐந்து.

குளிருக்கு நோர்வேயில் என்ன பஞ்சம்?

அப்படி இறங்கிப் பார்ப்பதற்கு அங்கே இருப்பது துருப்பிடித்த ஒரு லொறியும் ஏழெட்டு மீன்களும். முதல் நாள் அருமைநாதன் நான்கு நிமிடத்தில் மேலே வந்து சத்தி எடுத்தான். இரண்டாம் நாள் உதடு நீலம் பாரித்து அரை மணித்தியாலம் நடுங்கினான். ஐம்பத்தெட்டு வயது. நீச்சலும் அரைகுறை.

அவன் மனைவி செல்வமலரிடம் முறையிட்டேன். அவளாவது மறிப்பாள் என்று பார்த்தால், "சாப்பாட்டுப் பெட்டி முடிஞ்சுதோ அண்ணை?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த நாள் புட்டையும் மீன்பொரியலையும் இன்னும் அமத்தி அடைத்து அனுப்பினாள். அதில் பாதியை அருமைநாதன் கொண்டுபோய் வழிகாட்டியின் வாகனத்தில் வைத்துவிடுவான். மரியாதையாம்.

நான் ஒருநாளும் பார்த்திராத அவனுடைய மகள் எங்கே என்று கேட்டேன். வேலைக்குப் போய்விட்டாள் என்றான். இந்த வீட்டில் மூளையுள்ள ஆள் அவள் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வழிகாட்டியின் பெயர் செலீன். முப்பது வயது இருக்காது. மாநிறம். மொரிசியஸ் பக்கத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று நானாகவே முடிவுசெய்தேன். "பொன்ஜூர்" என்று வணக்கம் சொல்வாள். மற்றதெல்லாம் பிரெஞ்சும் கைச்சைகையும்தான். அருமைநாதனிடம் அந்த "பொன்ஜூர்"கூடக் கிடையாது. அவனுடைய பட்டிகளை மட்டும் இரண்டு தரம் சரிபார்ப்பாள்.

இன்றைக்கும் அவன் முன்னால் முழங்காலில் நின்று, தண்ணீரில் அமிழ்வதற்கான ஈயப்பட்டியை அவன் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தமிழ் அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது?

"விசர் பிடிச்ச உனக்கொரு விசர்ப் பெட்டை. படிச்சு ஒரு ஒழுங்கான வேலைக்குப் போகாமல் தண்ணிக்குள்ளை கிடக்கிறாள். தாய் தகப்பன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவை" என்றான் அருமைநாதன். "அளவுக்கு மிஞ்சிச் சொல்லிப்போட்டினம்."

செலீனின் கை பட்டியில் ஒரு கணம் நின்றது. பிறகு இறுக்கிப் பூட்டினாள்.

இறங்கினோம்.

புதிய ஆட்களைக் கையில் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டுமாம். நடுவில் அவள். என்னை மணிக்கட்டில் பிடித்திருந்தாள். அருமைநாதனின் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்திருந்தாள்.

ஆறு மீற்றரில் அவனுடைய முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது.

அவன் உதைத்தான். அடித்தான். வாயிலிருந்த காற்றுக்குழாய் கழன்று போனது. செல்வமலருக்கு என்ன பதில் சொல்லப்போகிறேன் என்றுதான் நான் யோசித்தேன். கேவலம், அதைத்தான் யோசித்தேன்.

செலீன் என்னை அந்தரத்தில் விட்டாள். குழாயைப் பிடித்து அவன் வாயில் திணித்தாள். இரண்டு கைகளாலும் அவன் தலையைப் பிடித்து, தன் முகமூடி அவனுடையதில் முட்ட வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் மூச்சு விட, அவனும் மூச்சு விட்டான். குமிழிகள் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். மூவரும் மெதுவாக மேலே வந்தோம்.

கரையில் வைத்து வெடித்தேன்.

"செத்திருப்பாயடா! நாளைக்கு நான் வரமாட்டன். நீயும் வரப்பிடாது. உவளுக்கும் சொல்லு, பிரெஞ்சிலை சொல்லு!"

அவன் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினான். "நாளைக்கும் பதிஞ்சாச்சு" என்றான்.

செலீன் தலையுறையைக் கழற்றினாள். என்னைப் பார்த்தாள். பிரெஞ்சில் திட்டு விழப்போகிறது என்று ஆயத்தமானேன்.

"நாளைக்கு அப்பாவை வர வேண்டாமெண்டு சொல்லுங்கோ, அங்கிள்."

அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழ்.

அருமைநாதன் நிலத்தைப் பார்த்தான். மூன்று நாளும் அவள் காதுபட நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என்னிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது.

அவள் ஈரத் தலைமயிரைப் பிழிந்தாள். நன்றாக நேரமெடுத்துப் பிழிந்தாள்.

"நானே வீட்டை வாறன்" என்றாள்.

அவள் எங்களிடமிருந்து இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அருமைநாதனோ என் கையை இறுகப் பிடித்து, என்னிடம்தான் சொன்னான்.

"எத்தினை மணிக்கெண்டு கேள்."