சிட்டுவின் நம்பர்

"கையெழுத்தெல்லாம் போட முடியாதும்மா. அந்த நம்பரைத் தர மாட்டேன்."

மோட்டார் ரிப்பேர் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிரித்துப் போட்ட தண்ணி மோட்டாருக்குள் தலையை விட்டபடியே சொன்னார்.

சிட்டு அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஊரில் அவளிடம் இதுவரை யாரும் முடியாது என்று சொன்னதில்லை.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், ரயில் நிலையக் கூட்டத்தில் ஆறு வயசு சிட்டு அவள் பிடியிலிருந்து நழுவிப் போனாள். அன்றிலிருந்து ஊரே அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தரும் கவரில் சிட்டு சிரிப்பாள். பஸ் டிரைவர்கள் தங்கள் சீட்டுக்குப் பின்னால் அவள் படத்தை ஒட்டியிருந்தார்கள். அச்சகக்காரர் வருஷம் தவறாமல் புதுப் போஸ்டர் அடித்துக் கொடுப்பார்.

தையல் கடையில் காஜா எடுக்கிற அவளுடைய சொந்தப் பேர் பாதிப் பேருக்கு மறந்தே போச்சு. பொடிசுகள்கூட 'சிட்டு அம்மா' என்றுதான் கூப்பிடும். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவளுக்கு மனசு நிறையும். நம்ம பிள்ளையை ஒருத்தரும் மறக்கவில்லையே!

குறை ஒன்றுதான். போஸ்டரில் இருந்த போன் நம்பர்.

ரோட்டை அகலப்படுத்த அவள் வீட்டை இடித்தபோது அந்த லைன் போயிற்று. வேறு வீடு பார்த்துக் குடியேறி அவள் மூச்சு விடுவதற்குள், டெலிபோன் ஆபீஸ்காரர்கள் நம்பரை இந்த மோட்டார் கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். "போஸ்டர்ல அதே நம்பர் இருக்கட்டும்மா. நல்ல சேதி வந்தா நானே ஓடி வந்து சொல்றேன்" என்றார் அவர்.

இந்த ஒன்பது வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட ஓடி வரவில்லை.

இப்போது டெலிபோன் ஆபீசில், விண்ணப்பத்தில் அவர் சம்மதித்து ஒரு கையெழுத்துப் போட்டால் நம்பரை அவள் வீட்டுக்கே மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"சார், என் பொண்ணுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பர் இதுதான். பாட்டு மாதிரி சொல்லிக் குடுத்திருந்தேன். என்னைக்காவது அவளே கூப்பிட்டான்னா..."

"தெரியும்மா. ஆனா முடியாது. போயிட்டு வாங்க."

விஷயம் தெரிந்து அச்சகக்காரர் கொதித்துப் போனார்.

"போர்டுல செல் நம்பரைத்தான் பெருசா எழுதி வெச்சிருக்கான். அப்புறம் இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றான்? ஈவு இரக்கமே இல்லாத ஜென்மம்!"

ஊருக்குள் பேச்சு பரவியது. ரெண்டு தெருக்காரர்கள் ரிப்பேருக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

சிட்டு அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்று ஒரு மத்தியானம் போனாள்.

அவர் வாசலில் ஒரு வண்டியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். மேஜைமேல் இருந்த பழைய போன் அடித்தது. பக்கத்தில் நின்றது சிட்டு அம்மாதான்.

"அதை எடுக்காதீங்கம்மா!" கிரீஸ் கையோடு பதறி ஓடி வந்தார் அவர்.

அதற்குள் எடுத்துவிட்டாள்.

"அம்மா... நான் சிட்டு பேசறேம்மா..."



"கண்ணு! எங்கடி இருக்கே? அம்மாதான்டி..."

மறுமுனையில் நாலைந்து பேர் குபீரென்று சிரித்தார்கள். லைன் கட்டாயிற்று.

கடைக்காரர் ரிசீவரை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தார். அவர் மனைவி அவளை ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"வாரத்துக்கு மூணு நாலு இப்படித்தாம்மா வருது. போஸ்டரைப் பார்த்துட்டு விளையாடுதுங்க. இதைவிடக் கேவலமாவும் பேசுவாங்க. சில நாள் இவர் சோறுகூடத் தொட மாட்டாரு."

"ஏய், சும்மா இரு" என்றார் அவர்.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? ஊரே உங்களைத் திட்டுது!" அவள் சிட்டு அம்மாவிடம் திரும்பினாள். "யாராவது பொண்ணைப் பார்த்தேன்னு சொல்லி, கொஞ்சம் நிஜமா இருக்கும்போலத் தோணிட்டாப் போதும், கடையைப் பூட்டிட்டு ரயில் ஏறிடுவாரு. இதுவரைக்கும் பதினொரு ஊர் போய்ப் பார்த்துட்டு வந்தாச்சு."

சிட்டு அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். கடைக்காரரிடம் கேட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது? ஒவ்வொரு தடவையும் ஆசை காட்டிட்டு, அப்புறம் இல்லைன்னு சொல்லணும். அது என்னோட போகட்டுமேன்னுதான்..." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சிட்டு அம்மா கையிலிருந்த விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். இரண்டு கையையும் எடுத்து அவரைக் கும்பிட்டாள்.

"என் காதுல விழ வேண்டியதையெல்லாம் நீங்க தாங்கியிருக்கீங்களே. நம்பர் உங்ககிட்டயே இருக்கட்டும்ணா. ஒரே ஒரு பயம்தான். நிஜமாவே என் பொண்ணு கூப்பிட்டு, இந்தப் பக்கம் 'மோட்டார் கடை'ன்னு கேட்டா, தப்பான நம்பர்னு வெச்சிட மாட்டாளா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போன் மறுபடி அடித்தது. தயங்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

"எடுங்கண்ணா" என்றாள்.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். ஒன்பது வருஷப் பழக்கத்தில் வார்த்தைகள் தானாக வந்தன.

"சிட்டு வீடு. மாமா பேசறேன், சொல்லும்மா."