இரவல் போய் வந்த கலப்பை

செங்கோடனின் பழைய டிராக்டருக்குத் தன் கலப்பை மேல் தீராத கோபம். பக்கத்துத் தோட்டத்துப் புது டிராக்டருக்கு அது ஒரு வாரம் இரவலாகப் போய் வந்திருந்தது. இன்று மாட்டிவிட்டதும் டிராக்டர் அதைத் தூக்கவே இல்லை.

செங்கோடன் ஆயில் ஊற்றிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். "மத்தியானம் தூக்கலைன்னா நீ பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

"தூக்கிருங்ணா. உங்களை உடைச்சு வித்துருவாரு" என்று கலப்பை கெஞ்சியது.

"உன் புது அண்ணன் வந்து தூக்குவான், போ."

"நானாவா போனேன்? கட்டி இழுத்துட்டுப் போனாங்க. வேலை முடிஞ்சதும் சேத்தோட போட்டுட்டாங்க."

டிராக்டர் கலப்பையைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "கழுவலையா?" என்று கேட்டது.

"இல்லீங்ணா."

"கிரீஸு?"

"ஒரு பொட்டுகூடத் தடவலை. கொழு முனையெல்லாம் துரு."

"திமிர் பிடிச்ச பயல்!" என்று டிராக்டர் பல்லைக் கடித்தது.

செங்கோடன் வந்து சாவியைத் திருப்பியதும் அது கலப்பையை ஒரே மூச்சில் தூக்கிவிட்டது. ஆயில் வேலை செய்துவிட்டது என்று அவர் மகிழ்ந்துபோனார்.

சாயங்காலம் உழுது திரும்பும்போது புது டிராக்டர் எதிரே வந்து, "வணக்கம் பெரியவரே" என்றது. பழசு அதன் முகத்திலேயே கரும்புகையை ஊதிவிட்டு, கலப்பையை அலுங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனது.