சிவப்புக் குறி போட்ட வீடு

வாசலில் யார் யாருடைய செருப்புகளோ கிடந்தன.

சதேஸ்வரி தலையிலிருந்த மூட்டையை இறக்காமல் நின்றாள். மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு. உள்ளே யாரோ குஜராத்தி பஜனை பாடிக்கொண்டிருந்தார்கள்.

குளிர்காலத்தில் மலை அமுங்கத் தொடங்கியபோது இந்த வீட்டின் சுவர் கை நுழையும் அளவுக்குப் பிளந்தது. அரசாங்கத்து ஆள் ஒருவன் வந்து கதவுக்குப் பக்கத்தில் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டான். இனி இதில் யாரும் குடியிருக்கக் கூடாது. அவளையும் கணவன் மக்கன் சிங்கையும் கடைத்தெரு ஹோட்டலில் ஓர் அறைக்கு மாற்றினார்கள்.

நேற்று ஹோட்டல்காரர் நேகி கையைக் கூப்பிக்கொண்டு வந்து நின்றார்.

"பத்ரி கோயில்ல நடை திறந்தாச்சு தங்கச்சி. ரூம் எல்லாம் புக் ஆயிருச்சு. வருஷத்துல ஆறு மாசம்தான் எனக்குச் சோறு. தப்பா எடுத்துக்காத."

எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை. அரசாங்கமும் சொல்லவில்லை.

மலை தாங்கும் அளவுக்குத்தான் யாத்திரைக்கு ஆட்களை விட வேண்டும் என்று நிபுணர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்புகூட வைத்தார்கள். கடைக்காரர்கள் கதவடைத்தார்கள், ஜீப்காரர்கள் ரோட்டை மறித்தார்கள். வரம்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

சாவதானாலும் சொந்த வீட்டில் சாகலாம் என்றுதான் அவள் மூட்டையைக் கட்டினாள். வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைப்பதாகச் சொல்லி மக்கன் சிங் விடியும் முன்பே கிளம்பியிருந்தான்.

கூட்டித்தான் வைத்திருந்தான். பிளவில் கந்தைச் சாக்கைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசி, சுண்ணாம்பும் அடித்திருந்தான். சிவப்புக் குறி இருந்த இடம் இன்னும் ஈரமாக, இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

மாட்டுக் கொட்டகையிலிருந்து அவன் வெளியே வந்தான். முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு.

"கத்தாத. நமக்குக் கொட்டாயில வைக்கோல் பரப்பி வச்சிருக்கேன். தகரம்தானே, விழுந்தாலும் உயிர் போவாது."

"உள்ள இருக்கிறவங்களுக்கு?"

அவன் முழங்கைச் சுண்ணாம்பைச் சுரண்டினான்.

"தோட்டம் போச்சு. மாடு போச்சு. வேற எதை வச்சுப் பொழைக்கச் சொல்ற?"

சதேஸ்வரி மூட்டையைக் கீழே போட்டாள். செருப்போடு உள்ளே போனாள்.

அவளுடைய கட்டிலில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளின் கணவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். அதே சுவர். பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள்.

"எந்திரிங்க. எல்லாரும் எந்திரிங்க. இது பிளந்து போன வீடு, பூசி மறைச்சிருக்கு. மழை ஒண்ணு புடிச்சா வீடு நிக்காது. உங்க காசைத் திருப்பி வாங்கித் தரேன், போயிருங்க."

பாட்டு நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஒரு ராத்திரிதானேம்மா" என்றார் பெரியவர். சுவரிலிருந்து முதுகை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். "விடிஞ்சா பத்ரிக்குக் கிளம்பிருவோம். பகவான் பாத்துக்குவான்."

அந்த அம்மாள் எண்ணெய்க் கையோடு எழுந்து வந்தாள். சதேஸ்வரியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சிரித்தாள்.

"நீ டிவியில வந்த பொண்ணுதானே?"

தை மாதப் பனியில், இந்த நிலைக்கதவைக் கட்டிக்கொண்டு, கேமராக்களுக்கு முன்னால் தொண்டை கிழியக் கதறியது சதேஸ்வரிதான். எங்க மலை சாகுது, எங்க ஊரைக் காப்பாத்துங்க என்று. நாடு முழுக்கப் பார்த்ததாகச் சொன்னார்கள். இனி நல்லது நடக்கும் என்று அன்றைக்கு நம்பினாள்.

"உன்னைப் பாத்து நானும் அழுதேன் மகளே" என்றாள் அந்த அம்மாள். "அழுதுட்டுத்தான் இவர்கிட்ட சொன்னேன். ஏங்க, அடுத்த வருஷம் அந்த ஊரு இருக்குமோ இருக்காதோ, பாதை இருக்குமோ இருக்காதோ, இந்த வருஷமே போய்ப் பாத்துட்டு வந்துரணும்னு. எங்க தெருவே கிளம்பிருச்சு. பின்னாடி இன்னும் ரெண்டு பஸ் வருது."

சதேஸ்வரி வெளியே வந்தாள்.

கீழே வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. மக்கன் சிங் கையைத் துடைத்துக்கொண்டே ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

அவள் அவனைக் கூப்பிடவில்லை.