நாய்க்குப் பேர் இருக்குது

குன்னூர்ல அந்தப் பழைய துரை பங்களா இப்போ ஹோட்டலுங்க. காலை வெயில் ஜன்னல் வழியா சாய்ஞ்சு, செவுத்துல தொங்குற பெரிய போட்டோமேல விழுது. அங்க வேலை பாக்குற குறும்பர் வீட்டுப் பொண்ணு ஜானகி, போட்டோவுக்குக் கீழ இருக்குற பித்தளைத் தகட்டைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சுட்டு நிக்கிறா. போட்டோவுல துரை, துரைசாணி, காலடியில ஒரு நாய். சங்கிலியைப் பிடிச்சுட்டு நிக்கிறது ஜானகியோட பாட்டனுக்கு அப்பன் கெம்பன். தேனெடுக்கக் குறும்பருங்க நடந்த தடத்தை அவருதான் துரைக்குக் காட்டுனாரு. அதுதான் இன்னிக்கு ரோடு. தகட்டுலயோ, "மலைக்கு வழி கண்ட துரை, துரைசாணி, டைகர்"னு கறுப்புப் பெயிண்ட்ல இருக்குது. "ஏனுங்க சார், நாய்க்குப் பேர் இருக்குது, எங்க பாட்டனுக்கு இல்லீங்களா?"ங்கிறா. காபி டம்ளரோட நிக்கிற மேனேஜர் தேவநேசன் சிரிக்கிறாரு. "அட, அவரு வேலைக்கார ஆளும்மா. கெஸ்ட் வர்றாங்க, நல்லா பளபளன்னு தேய்ச்சு விடு." ஜானகிக்கு மூக்கு விடைக்குது. இன்னொரு உருண்டை புளி எடுத்து, ஒரே எடத்துல வெச்சு, பல்லைக் கடிச்சுட்டுத் தேய்க்கிறா. வளையல் சலசலங்குது, தண்ணி கறுப்பா வழியுது. "என்னம்மா பண்றே!"ன்னு ஓடி வர்றாரு மேனேஜர். தகட்டுல துரை இருக்காரு, துரைசாணி இருக்காங்க, டைகரைக் காணோம். "நீங்கதானுங்களே தேய்க்கச் சொன்னீங்க? இப்ப எடம் காலியா இருக்குதுங்க. கெம்பன்னு எழுதுங்க."