காரணம்: மழை வரலாம்

“ஒரு குடை நாற்பதாயிரமா? கம்பியெல்லாம் தங்கத்துல போட்டிருக்காங்களா?”

மேனேஜர் கேட்டதுதான் தாமதம், அந்த ஆன்லைன் கடையின் அலுவலகத்தில் எல்லோருக்கும் திடீரென்று தலைபோகிற வேலை வந்துவிட்டது.

“எவனோ விளையாடறான். சாயங்காலத்துக்குள்ள விலை மாத்தற முறைக்கான கையேடு என் மேஜைக்கு வரணும். வந்ததும் கையால விலை ஏத்தற வழியை அடைச்சிடறோம்” என்று சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போனார்.

கையேடு எழுதுகிறவள் ஃபிளாஸ்கிலிருந்து ஒரு மடக்கு வெந்நீர் குடித்தாள். பொருட்களின் விலையை மாற்றும் ஏபிஐ என்கிற கணினி வழி பற்றி, நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் புரிகிற மாதிரி எழுதித் தர வேண்டும். அந்த ஏபிஐயைச் செய்த புரோகிராமர் பக்கத்து நாற்காலியில் இருந்தான். அலுவலகமே அவனைத் தாடி என்றுதான் கூப்பிடும். சம்பளச் சீட்டில் வேறு பேர் இருக்கலாம்.

“முதல்ல இருந்து சொல்லுங்க” என்றாள்.

“பொருளோட எண், புது விலை, காரணம். மூணையும் அனுப்பினா விலை மாறும். காரணம் எழுதலைன்னா ஏத்துக்காது. மூணு மாசமா விக்காத பொருளுக்கு மட்டும் தினமும் ராத்திரி தானாவே விலை பாதியாகும்.”

“கடைசி ஒண்ணும் வித்துட்டா?”

“கடையில அந்தப் பொருளுக்குன்னு இருக்கற பக்கமே அழிஞ்சிடும். படம், விவரம், வாடிக்கையாளர் கேட்ட கேள்வி, நம்ம பதில், எல்லாம்.”

“திரும்பக் கொண்டுவர முடியாதா?”

“போனது போனதுதான்.”

அவள் தட்டிக்கொண்டே, “அந்தக் குடை எத்தனை மிச்சம்?” என்றாள்.

“ஒண்ணே ஒண்ணு. ராத்திரி இருபதாயிரம் ஆகுது. காலையில ஒன்பது ரெண்டுக்கு யாரோ மறுபடி நாற்பதாயிரம் ஆக்கிடறாங்க. போன வாரம் ரெண்டாயிரத்து ஐந்நூறு வரைக்கும் இறங்குச்சு, மறுபடி ஏத்திட்டாங்க. காரணம்னு என்ன எழுதறாங்க தெரியுமா? ‘மழை வரலாம்’.”

“யாருன்னு பேர் பதிவாகாதா?”

“எல்லாரும் ஒரே கடவுச்சொல்லை வெச்சுக்கிட்டுத்தானே குப்பை கொட்டறோம்.”

தாடிக்கும் இப்போது ஆர்வம் பற்றிக்கொண்டது. குடையின் பக்கத்தைத் திறந்து கீழே உருட்டினான்.

“இந்தக் கூத்தைப் பாருங்க. ஒரே ஆள், ரெண்டு வருஷத்துல முந்நூறு கேள்வி. ‘இந்த விலைக்கு விக்கறீங்களே, மனசாட்சி இருக்கா?’ ‘எங்க தெருவுல இதே குடை இருநூறுக்குக் கிடைக்குதே, அந்தக் கடைக்காரன் முட்டாளா?’ வாங்கவும் மாட்டேங்கறான், விடவும் மாட்டேங்கறான். நீங்களும் அசராம பதில் எழுதறீங்க.”

“கேள்விக்குப் பதில் எழுதறதும் என் வேலைதானே. பாவம், பக்கம் போயிட்டா அந்தப் பெரியவர் எங்க போய்க் கேப்பார்?”

“பெரியவர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“திட்டற அழகுலயே தெரியலையா?” என்றவள், சற்று நிறுத்தி, “ஏத்தற வழியை அடைச்சா குடை என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

“பத்து நாள்ல ஒரு டீ விலைக்கு வந்துடும். எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்.”

அதன் பிறகு அவளுக்கு அடுத்த வரி ஓடவில்லை. மணி நாலு ஆகிவிட்டது. எழுதியதையே மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“கையேட்டுல உதாரணம் காட்ட ஒரு பொருள் வேணுமே. அதை யாராவது வாங்கிட்டா?”

“பக்கம் அழிஞ்சு, கையேட்டுல இருக்கற உதாரணம் ஒண்ணும் வேலை செய்யாது. அதனால ஒரே ஒரு பொருளை மாதிரிப் பொருள்னு குறிக்கலாம். அதை எந்த விதியும் தொடாது. விக்காது, விலை மாறாது, பக்கமும் அழியாது.”

அவள் விரல்கள் பறந்தன.

ஐந்து மணிக்கு மேனேஜர் கையேட்டைப் புரட்டினார். ‘மாதிரிப் பொருள்: கறுப்புக் குடை’ என்ற வரியில் அவர் பேனா நின்றது.

“நல்லதாப் போச்சு. இனிமே எவனும் இந்தச் சனியன் மேல கை வைக்க முடியாது” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தாடி பையை மாட்டிக்கொண்டு அவள் மேஜை அருகே வந்தான். குரலைத் தாழ்த்தி, “நாளையிலிருந்து ஒன்பது ரெண்டுக்கு நீங்க நிம்மதியா டீ குடிக்கலாம்” என்றான்.

அவள் சட்டென்று மேனேஜர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“போன வாரம் நீங்க இருமலோட லீவு போட்ட அதே மூணு நாள்தான் குடைக்கு விலை ஏறலை. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவர் யாருன்னு மட்டும் சொல்லுங்க. மண்டை வெடிச்சிடும் போல இருக்கு.”

“ஒரு குடைக்கடைக்காரர். நான் இந்தக் கம்பெனியில சேந்த அன்னைக்கே, இனிமே உன்கூடப் பேச்சே கிடையாதுன்னு சபதம் போட்டவர்.”

“பேசாதவரா முந்நூறு கேள்வி கேட்டிருக்கார்?”

“கடையைக் கேள்வி கேட்டா அது பேச்சுல சேராது போல.”

திரையில் புதுக் கேள்வி ஒன்று வந்து காத்திருந்தது. ‘விலையைக் குறைக்கிற எண்ணமே இல்லையா? போகட்டும். பதில் எழுதுகிறவருக்கு இருமல் நின்றதா என்று வீட்டில் கேட்கச் சொன்னார்கள்.’

‘நின்றுவிட்டது, அப்பா’ என்று தட்டினாள். பிறகு, எப்போதும் போலவே கடைசி வார்த்தையை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று போட்டு அனுப்பினாள்.