மருத்துவிச்சியின் ரிவோல்வர்

பொலிஸ் நிலையத்தின் பின்வளவில் முதல் வெடி கேட்டதும் இன்ஸ்பெக்டரின் முகம் மாறியதைப் பரமலிங்கம் பார்த்தான்.

மண்ணெண்ணெய்த் தகரத்தின் நடுவில் ஒரு துளை. சுட்டவள் அவன் மனைவி இரஞ்சிதம்.

அரை மணி நேரத்துக்கு முன் இதே இன்ஸ்பெக்டர் ரிவோல்வரைச் சுட்டுக் காட்டச் சொல்லிப் பரமலிங்கத்தின் பக்கம்தான் நீட்டினார். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தான் துணைக்கு வந்தவன் என்றும் துவக்கு லைசன்ஸ் கேட்டிருப்பது அவள் என்றும் சொன்னான். சொல்லும்போதே நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

இரஞ்சிதம் விசுவமடுக் குடியேற்றத்தின் அரசாங்க மருத்துவிச்சி. நான்கு வருடமாகக் காட்டுப் பாதையில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பிள்ளைப்பேறு பார்க்கிறவள். யானையைக் கண்டிருக்கிறாள், கரடியைக் கண்டிருக்கிறாள். அவற்றுக்காக அவள் துவக்குக் கேட்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன், பட்டப்பகலில், வாய்க்கால் பாலத்தடியில் ஒருவன் அவள் சைக்கிளை மறித்துப் பிடித்தான். அவன் மற்றக் கை அவள் தோளில் விழுந்தது. தூரத்தில் மாட்டு வண்டிச் சத்தம் கேட்டதால் விட்டான். எல்லா நாளும் வண்டி வராது என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

யாரென்று பரமலிங்கம் கேட்டான். சாப்பிடாமல் கிடந்தும் கேட்டான். அவள் சொல்லவில்லை. பெயர் தெரிந்தால் இவன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். குசினிக்குப் பின்னால் கத்தி தீட்டியதை அவளும் பார்த்தவள்தானே.

சரி, வேட்டைத் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வருகிறேன் என்றான். நோவில் கிடக்கிறவளின் வாசலில் துவக்கோடு ஆம்பிளை நின்றால் அவள் எப்படிப் பிள்ளை பெறுவாள் என்று கேட்டாள். தனக்கு வேண்டியது ஒருவர் கண்ணிலும் படாத ஒன்று என்றாள்.

லைசன்ஸுக்காக அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு மூன்று தடவை போனார்கள். மூன்று தடவையும் அவளே கதைத்தாள்.

ஓய்வு பெற்றுப் போகவிருந்த நீர்ப்பாசன இஞ்சினியர் ஒருவர் தன் ரிவோல்வரை அவளுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். தன் வளவிலேயே வைத்துச் சுடவும் காட்டினார். சுடுவதென்று முடிவெடுக்கும் வரைக்கும் விரல் விசையில் இருக்கக் கூடாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் ஒரு தடவையில் பிடித்துக்கொண்டாள்.

மறைத்து வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. ரிவோல்வரின் எடைக்கு ஒரு கல்லைத் தேடி எடுத்து, பாவாடையின் இடுப்பில் தைத்த பையில் போட்டுக்கொண்டு பதினைந்து நாள் வீட்டுக்குள்ளும் வயலிலும் நடந்தாள். சேலைத் தலைப்பு அதை மூடிவிடும். ஆனால் கை தானாக அங்கே போய்விடும். தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவளிடம் என்னவோ இருக்கிறதென்று யாருக்கும் விளங்கிவிடும் அல்லவா? தொடாமல் நடப்பதைத்தான் அவள் பழகினாள்.

இன்று பொலிஸ் பின்வளவில் சுட்ட ஐந்து தோட்டாவில் நான்கு தகரத்தில் பட்டது.

இன்ஸ்பெக்டர் கையெழுத்து வைத்தார். அந்த ஆளின் பெயரைச் சொன்னால் இப்போதே பிடித்து உள்ளே போடுவதாகச் சொன்னார். வேண்டிய நேரம் வந்து சொல்கிறேன் என்று இரஞ்சிதம் பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டாள்.

வவுனியாவிலிருந்து பரந்தனுக்கு ஒரு பஸ். பரந்தனில் மாறி முல்லைத்தீவு பஸ். பக்கத்தில் இருந்த மனைவியைப் பரமலிங்கம் களவாகப் பார்த்துக்கொண்டே வந்தான். ரிவோல்வர் எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரிந்த அவனுக்கே ஒன்றும் தெரியவில்லை. நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் போல வாய் ஊறியது. சொல்லக்கூடிய விஷயமா அது?

இனி அந்த ஆள் இவள் கண்ணிலேயே படமாட்டான் என்று நினைத்தபோது இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நல்லாய் மூச்சு விட்டான்.

விசுவமடுவுக்கு இரண்டு மைல் இருக்கும்போதே அவள் மணியை அடித்தாள். பிள்ளைப்பேற்றுப் பையைக் கையில் எடுத்தாள். பொலிசுக்குப் போகிறவளுக்கு அந்தப் பை எதற்கு என்று அவன் காலையில் யோசித்திருந்தான். கேட்கவில்லை.

ரோட்டுக்கு அப்பால் புதிதாக வேய்ந்த ஒரு கிடுகு வீடு தெரிந்தது. இரஞ்சிதம் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இதுதான் அவன்ரை வீடு. மனுசிக்கு இண்டைக்கோ நாளைக்கோ எண்டிருக்கு. முதல் பிள்ளை. நான் போகாட்டி வேறை ஆர் போறது?"

பரமலிங்கம் எழுந்துவிட்டான்.

அவள் முகத்தைப் பார்த்தான். கச்சேரிக்கு நடந்தது, கல்லைக் கட்டிக்கொண்டு நடந்தது, தகரத்தைச் சுட்டது எல்லாமே அந்த ஆளைத் தூர நிறுத்துவதற்கு என்றுதான் அவன் நினைத்திருந்தான். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போவதற்கென்று நினைக்கவேயில்லை.

திரும்பவும் உட்கார்ந்தான். அவன் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

அவள் இறங்கி நேரே நடந்தாள். பஸ் வெளிக்கிட்டது. யார் அவா, இந்தக் காட்டுக்குள் தனியாக இறங்கிப் போகிறா என்று கொண்டக்டர் கேட்டான்.

"என்ரை மனுசி," என்றான் பரமலிங்கம். கடைசிச் சீற்றில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் வந்து சேர்ந்தாள். பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றாள். வெந்நீர் சுமந்து கொண்டுவந்த தகப்பன் ஒவ்வொரு தடவையும் அதை வாசலில் வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் போனானாம்.

ரிவோல்வரை ஒரு தடவையாவது வெளியே எடுத்தாளா என்று பரமலிங்கம் கேட்டான்.

"எங்கை நேரம்? ரெண்டு கையும் பிள்ளையிலையெல்லோ."