சத்தமாய் ஒரு ஜெபம்

எல்லோரும் கண்களை மூடியிருந்தார்கள்.

ஜெபக்கனியால் மூட முடியவில்லை. மூடினால் உள்ளறை தெரிந்தது.

முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒரே நேரத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வார்த்தை, ஆளுக்கு ஒரு அழுகை. பாளையங்கோட்டையின் அந்தத் தெருவில் சனிக்கிழமை மத்தியானம் ஜெபக்கனி வீட்டு ஜெபம் முக்குக் கடை வரைக்கும் கேட்கும். மகள் பெனிட்டா சுகவீனமாகி அம்மா வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் கூடுதலாகக் கேட்டது.

கதவு சாத்திய உள்ளறையில் பெனிட்டா படுத்திருந்தாள். இந்த வாரம்தான் புது மருந்தில் கீமோ ஏற்றியிருந்தது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கூட அவள் அப்பா சாமுவேல் இருந்தார். சனிக்கிழமைகளில் உள்ளே இருப்பது எப்போதும் அவர்தான்.

ஜெபத்தை நடத்துகிற கிருபாவதி அக்கா குரலை உயர்த்தினாள்.

"பிள்ளைக்குச் சுகம் குடுத்துட்டீர் ஆண்டவரே. கட்டி கரைஞ்சிட்டு. ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார்கள் எல்லோரும்.

கட்டி கரையவில்லை.

ஸ்கேனைப் பார்த்து டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை, காரில் திரும்பி வரும்போது பெனிட்டாதான் தமிழில் சொன்னாள். வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மருந்து கேட்கவில்லை. மார்பில் வந்தது ஈரலுக்கும் போய்விட்டது. வேறு மருந்து ஏற்றுவார்கள். அது நாளைக் கொஞ்சம் கூட்டும். நோயைத் தீர்க்காது.

சாமுவேல் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"இடது பக்கம் திரும்பணும்ப்பா. நேரா போறீங்க" என்று வழியும் அவள்தான் சொன்னாள்.

அன்றும் அவள் அழவில்லை. அதற்குப் பிறகும் அவள் அழுது ஜெபக்கனி பார்க்கவில்லை. என் பிள்ளைக்குத்தான் எவ்வளவு விசுவாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்கேன் விஷயத்தை ஜெபத்துக்கு வருகிற யாரிடமும் அவள் சொல்லவில்லை. கிருபாவதி அக்கா பெனிட்டாவுக்காக வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறவள். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறவள். அவளிடம் எந்த வாயால் சொல்வது?

"ஜெபக்கனி, நீ பெத்தவ. நீ அறிக்கை பண்ணு. எம்பிள்ள சுகமாயிட்டான்னு வாயத் தொறந்து சொல்லு" என்றாள் கிருபாவதி அக்கா.

அறை அடங்கியது. எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

உள்ளேயிருந்து ஓங்கரிக்கும் சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து சாமுவேலின் குரல். "மெள்ள... மெள்ள..."

ஜெபக்கனி எழுந்து நின்றாள்.

"போதும்க்கா."

"என்னது போதும்?"

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க. பிள்ள தூங்கட்டும்."

வேதாகமங்கள் மூடிக்கொண்டன. சேலைகள் சரசரத்தன. வாசலில் பெண்கள் செருப்புத் தேடினார்கள். கிருபாவதி அக்கா கடைசியாக இறங்கினாள். அழுது அழுது அவள் கண் சிவந்திருந்தது.

"அவிசுவாசத்துக்கு எடங்குடுத்துராத கனி."

ஜெபக்கனி கேட்டைச் சாத்தினாள்.

உள்ளே சாமுவேல் தரையில் முழங்காலிட்டு பிளாஸ்டிக் பேசினைப் பிடித்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிற மனிதர். அவர் முழங்காலிட்டு அவள் பார்த்தது கல்யாணத்தன்றுதான். அவருடைய இன்னொரு கை, முடியெல்லாம் போன மகளின் பின்தலையைத் தாங்கியிருந்தது.

ஜெபக்கனி ஈரத் துணியால் மகளின் வாயைத் துடைத்தாள்.

"அனுப்பிட்டேன் பிள்ள. இனி சத்தம் இருக்காது. தூங்கு."

பெனிட்டா சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

"ஏம்மா அனுப்புன?"

ஜெபக்கனிக்குப் புரியவில்லை.

"அவங்க சத்தத்துலதாம்மா நான் அழுவேன். வெளிய கேக்காது."

சாமுவேல் பேசினோடு எழுந்தார். எழுந்தவர் போகாமல் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு இது முன்பே தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை தெரியும்.

ஜெபக்கனி போர்வையை மகளின் தோள் வரை இழுத்துவிட்டாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

முன்னறையில் பாய் சுருட்டாமல் கிடந்தது. அதன் நடுவில் தனியாக உட்கார்ந்தாள்.

"ஆண்டவரே" என்றாள். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஆண்டவரே!"

தெருவுக்கே கேட்டிருக்கும்.

தேசத்தை ஆளுகிறவர்களுக்காக ஜெபித்தாள். மழைக்காக ஜெபித்தாள். கடலில் போகிறவர்களுக்காக, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக, சிறைச்சாலையில் இருக்கிறவர்களுக்காக, பிள்ளைத்தாச்சிகளுக்காக, கிருபாவதி அக்காவின் மூட்டுவலிக்காக.

மகள் பெயரை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் குரல் நின்றுவிடும்.

கதவுக்கு அந்தப் பக்கம் முதலில் ஒன்றும் கேட்கவில்லை.

மூச்சு வாங்க அவள் நிறுத்திய ஒரு கணத்தில் கேட்டது.

அப்படி ஓர் அழுகையை அவள் சாவு வீட்டில்கூடக் கேட்டதில்லை.

உடனே தொடங்கினாள், இன்னும் சத்தமாக.